விளிச்சொல்லும் உறவும்: அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களின் வாசகர் மடல்கள்

விளிச்சொல் ஒரு மொழிச் சமூகத்தின் உறவுநிலைகளைக் காட்டுவதாகும். அதனை மாற்றினால் உறவும் மாறுமா என்னும் வினாவை ஆராய, அமெரிக்க வீரநாயகச் சித்திரக்கதை இதழ்களின் வாசகர் மடல் பகுதி நல்லதொரு களமாகும்.

1958இல் 'சூப்பர்மேன்' இதழ் வாசகர் மடல்களை வெளியிடத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பதிப்பித்த இதழ்கள் மடல் எழுதியோரின் முழு முகவரியையும் அச்சிட்டன. அதனால் வாசகர்கள் தமக்குள் நேரே எழுதிக்கொள்ளலாயினர். ரசிகர் இதழ்கள் வளர இதுவும் ஒரு காரணமாயிற்று.

மார்வெல் நிறுவனத்தின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 1961இல் தோன்றியது. அதன் 10ஆம் இதழில் (1963) 'ஆசிரியர்க்கு' என்னும் பொதுவிளியைக் கைவிடுமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் மடல்கள் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரையும் முதற்பெயரால் விளித்தன. மறுமொழிகளும் வேடிக்கைப் பேச்சுநடையில் அமைந்தன. கதையில் தோன்றும் பிழைக்குத் தக்க சமாதானம் கூறிய வாசகர்க்குப் பின்னாளில் 'நோ-பிரைஸ்' என்னும் பரிசு வழங்கப்பட்டது. அது வெற்று அஞ்சலுறையாகவே வந்தது. எனினும் வாசகர்கள் அதனைப் பெருமையாகக் கருதினர்.

ஆங்கில முன்னிலைப் பெயர் மதிப்பு வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே நெருக்கத்தை உணர்த்தும் பணியை முதற்பெயரே ஏற்றது. தமிழிலோ 'நீ', 'நீங்கள்' என்னும் தேர்வு தவிர்க்க இயலாதது. 'அன்புள்ள ஸ்டான்' எனத் தொடங்கி 'நீங்கள்' எனத் தொடர்ந்தால், விளி தந்த நெருக்கத்தை வினைமுற்று குறைத்துவிடுகிறது. 'நீ' என்பதோ, எழுதுவோர் பலர் சிறுவராதலின், மரியாதைக் குறைவாகத் தோன்றும். எனவே முன்னிலையில் 'நீங்கள்' என்பதையே கொண்டு, நெருக்கத்தைப் பேச்சுநடையிலும் வேடிக்கைத் தொனியிலும் புலப்படுத்துதல் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க வழி எனலாம்.