வெல்லக்கூடியவரா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

அமெரிக்காவில் பள்ளிக் குழுவுக்கும் நகர சபைக்கும் நடக்கும் தேர்தல்களில் பெரும்பாலும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. பெயர்கள் மட்டுமே இருக்கும். அவற்றில் பலவற்றை வாக்காளர் அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பார். அந்த நேரத்தில் 'இந்த அமைப்பு இவரை ஆதரிக்கிறது' என்று சொல்லும் ஒரு துண்டுத்தாள் முடிவையே மாற்றிவிடக்கூடும். 'எண்டார்ஸ்மெண்ட்' என்று வழங்கும் அந்த ஆதரவை யாருக்குக் கொடுப்பது? அங்குள்ள பெண்கள் அமைப்புகள் இதைப் பற்றி நூறாண்டுகளாக வாதாடி வருகின்றன.

முதலில் வந்த விடை, யாருக்கும் கொடுப்பதில்லை என்பது. 1920 பிப்ரவரியில் கேரி சாப்மன் காட்டின் முயற்சியால் சிகாகோவில் பெண் வாக்காளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை தரும் 19ஆம் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நவம்பரில், வாக்குரிமையை எதிர்த்துவந்த நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் வாட்ஸ்வொர்த்தைத் தோற்கடிக்க அம்மாநிலப் பெண்கள் களமிறங்கினார்கள். அவரே வென்றார். வேட்பாளர்களை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ தன் வேலையல்ல என்பது சங்கத்தின் நிலைப்பாடாயிற்று; இன்றும் அதுவே. எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை அப்படியே மக்கள் முன் வைப்பது அதன் வழி. இதனால் சங்கத்துக்கு எல்லாத் தரப்பிலும் மதிப்பு இருந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1971இலும், நூறு பேர் கொண்ட செனட்டில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வாஷிங்டனில் கூடி தேசியப் பெண்கள் அரசியல் மன்றத்தை நிறுவினார்கள். பெட்டி ஃப்ரீடன், பெல்லா அப்சக், குளோரியா ஸ்டைனம், ஃபேனி லூ ஹேமர், ஷெர்லி சிஷோம் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். பெண் என்பதே போதுமா, கொள்கையும் பொருந்த வேண்டுமா என்பதில் அங்கே கருத்து மோதல் எழுந்தது. எவ்வளவு அதிகம் பெண்களோ அவ்வளவு நல்லது என்றது ஒரு தரப்பு. இனவெறி கொண்ட பெண்ணும் பெண்தான் என்று கறுப்பினப் பெண்களிடம் போய் எப்படிச் சொல்வது என்றது மறுதரப்பு. பாலினப் பாகுபாட்டோடு இனவெறியையும் வன்முறையையும் வறுமையையும் எதிர்ப்பது மன்றத்தின் நோக்கம் என்று முடிவாயிற்று.

இந்த வாதங்களின் பயனாக ஒரு நடைமுறை உருவானது. உள்ளூர் அமைப்புகள் பலவற்றில் இன்று அது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் வினாத்தாள்: கருக்கலைப்பு உரிமை, குழந்தைப் பராமரிப்பு, சம ஊதியம், வீட்டு வாடகை. அடுத்து சில நிமிட நேர்காணல். பிறகு உறுப்பினர் வாக்கெடுப்பு; வெறும் பெரும்பான்மை போதாது, அறுபது சதவீதம் போல ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. யாரும் தாண்டாவிட்டால் ஆதரவு யாருக்கும் இல்லை. வேட்பாளர் தம் ஆட்களைக் கடைசி நாளில் உறுப்பினராக்கிக் கூட்டிவருவதைத் தடுக்க, சந்தா கட்டக் கெடு நாளும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் வினாத்தாளில் எழுதப்படாமலும் கேட்கப்படும்: இவர் வெல்லக்கூடியவரா?

பார்படோஸிலிருந்தும் பிரிட்டிஷ் கயானாவிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்களின் மகள் ஷெர்லி சிஷோம். வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்திய கேள்வி அது. 1968இல் புரூக்ளினில் அவரை எதிர்த்தவர் குடியுரிமைப் போராட்டத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்மர். வாஷிங்டனுக்கு ஓர் ஆணின் குரல் தேவை என்பது எதிரணியின் பிரசாரம். தொகுதியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம் என்று கண்ட சிஷோம், பெண்கள் குழுக்களைத் தேடிப் போய் வாக்குக் கேட்டார். போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் ஸ்பானிஷில் பேசினார். வென்று, காங்கிரஸுக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

1972 ஜனவரியில் அவர் அதிபர் வேட்பாளராகப் போட்டியை அறிவித்தபோது, அவரே சேர்ந்து நிறுவிய மன்றம் அவருக்கு ஆதரவு அறிவிக்கவில்லை. ஃப்ரீடனும் ஸ்டைனமும் அவர் சார்பில் பிரதிநிதிகளாக நிற்க முன்வந்தார்கள். ஆனால் ஸ்டைனம் ஜார்ஜ் மெக்கவர்னையும் ஆதரித்துப் பேசினார். அப்சக் தயங்கினார். மெக்கவர்ன்தான் வெல்லக்கூடியவர் என்பது கணக்கு. மாநாட்டில் சிஷோமுக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். நவம்பரில் மெக்கவர்ன் 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார்.

அடுத்த திருப்பம் பணத்தால் வந்தது. 1982இல் மிசௌரியில் செனட்டுக்குப் போட்டியிட்ட ஹாரியட் வுட்ஸ் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். இறுதி நாட்களில் அவரிடம் பணம் தீர்ந்துபோயிருந்தது. 1985இல் எலன் மால்கம் தோழியர் இருபத்தைந்து பேரைத் தம் வீட்டு நிலவறையில் கூட்டி 'எமிலிஸ் லிஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார். எமிலி என்பது ஒரு பெண்ணின் பெயர் அன்று. தொடக்கத்தில் வரும் பணம் ஈஸ்ட் போன்றது, மாவை எழும்ப வைக்கும் என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள். நம் சமையலறைக் கணக்கில் சொன்னால் உறைமோர். ஒரு கரண்டிதான், ஆனால் முதலிலேயே விட வேண்டும். 1986இல் பார்பரா மிகுல்ஸ்கி மேரிலாந்திலிருந்து செனட்டுக்கு வென்றார். 1992இல் செனட்டுக்குப் புதிதாக நான்கு பெண்களும் கீழவைக்கு இருபத்துநான்கு பெண்களும் வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவரான பாட்டி மரி, தம் பகுதிப் பள்ளிக் குழுவிலிருந்து மேலே வந்தவர்.

ஆனால் எமிலிஸ் லிஸ்ட் வைத்திருந்த அளவுகோல்களில் ஒன்று, வேட்பாளருக்கு வெற்றி வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது. முதல் பணமே அந்த வாய்ப்பை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்தவர்களே, வாய்ப்பைக் காட்டினால்தான் பணம் என்றார்கள். நன்கொடையாளர்களின் பணத்துக்குப் பொறுப்பு உண்டு என்ற அவர்கள் பதிலிலும் நியாயம் இருந்தது. ஆயினும் உறவினர், வகுப்புத் தோழர், தொழில் நண்பர் என்று ஊர் முழுக்க வேர் கொண்டவர்களுக்கே அந்த வாய்ப்பு எளிதில் கூடும். வந்தேறிகளின் மகளுக்கு அது கடைசியில்தான் வரும்.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலன், தம் மகள்களை 'ரெயின்போ சைன்' என்ற கறுப்பினப் பண்பாட்டு மையத்துக்கு அழைத்துச் செல்வார். 1971இல் அந்த மையத்துக்கு சிஷோமும் வந்திருந்தார். மூத்த மகள் கமலா ஹாரிஸின் முதல் தேர்தல் 2003இல், சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர் என்ற உள்ளூர்ப் பதவிக்கு. பதவியில் இருந்தவரையே தோற்கடித்து வென்றார். 2019இல் அதிபர் போட்டியை அறிவித்தபோது அவருடைய பிரசாரச் சின்னத்தின் நிறங்கள் சிஷோமின் பழைய சுவரொட்டிகளை நினைவூட்டுவதாக அமைந்தன.

நம் பிள்ளைகளில் சிலர் இப்போது நேர்காணல் மேசையின் இரண்டு பக்கமும் உட்காருகிறார்கள். கேள்வி கேட்கும் பக்கம் இருப்பவர்கள், வெற்றி வாய்ப்பை எடைபோடும் முன், தங்கள் ஆதரவு கிடைத்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு கூடும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1972இல் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் குறைவு.