நகரும் தீவுகளும் நிலப்படங்களும்

நிலப்படம் நிலத்தின் வடிவைக் காட்டும். ஒரே நிலத்தைப் பல காலங்களில் வரைந்த படங்களோ அந்நிலத்தின் வரலாற்றையே காட்டும். இவ்வுண்மைக்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கரைக்கு முன்னே நெடுஞ்சுவர் போல் நீண்டு கிடக்கும் அவுட்டர் பேங்க்ஸ் என்னும் மணல் தீவுத் தொடர் தக்க சான்றாகும்.

1585இல் அங்குச் சென்ற ஆங்கில ஓவியர் ஜான் ஒயிட், இத்தீவுகளையும் அவற்றிடையே கடல்நீர் புகும் வாயில்களையும் படமாக வரைந்தார். அவ்வாயில்களுட் சில இன்று இல்லை. ஆயினும் அவற்றை ஓவியரின் பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது. வாயில்கள் மணலால் தூர்ந்தன, நிலமே மாறியது.

பின்னர், 1807ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய கடற்கரை அளவைத் துறையினர் இக்கரையை நுட்பமாக அளந்தனர். முக்காலியின் மேல் பலகையை நிறுத்தி, அதன்மீது தாளைப் பொருத்தி, கடலின் உயர்நீர்க் கோட்டைக் கண்ணால் நோக்கியவாறே அவ்விடத்திலேயே வரைந்தனர். பிற்காலக் கரையை ஒப்பிட்டு அளக்க அத்தாள்களே அளவுகோலாயின.

ஒப்பிடுங்கால் வெளிப்படுவது யாது? புயற்காலத்தில் அலைகள் கடற்புறத்து மணலை வாரித் தீவின் பின்புறத்தே கொட்டுகின்றன. முன்புறம் தேய, பின்புறம் வளர, தீவு சிறிது சிறிதாகப் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. 1846 செப்டம்பரில் வீசிய பெரும்புயல் ஹட்டெராஸ், ஒரிகன் என்னும் இரு வாயில்களைத் திறந்தது. ஒரிகன் வாயிலுக்குத் தெற்கே 1847இல் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. வாயிலோ ஆண்டுதோறும் தெற்கு நோக்கி நகர்ந்தது. அவ்விளக்கம் நின்ற இடம் இன்று நீருக்கடியில் உள்ளது.

ஹட்டெராஸ் முனையில் 1870இல் ஒளி ஏற்றப்பெற்ற விளக்கம் கடலிலிருந்து சுமார் 1,500 அடி தொலைவில் இருந்தது. 1930களில் அலைகள் அதன் அடியை நெருங்கின. சுவர் எழுப்பிக் கடலைத் தடுக்கலாம் என்றனர் சிலர். கரை பின்வாங்கிய வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் குழுவோ, விளக்கத்தையே இடம்பெயர்த்தல் நன்று என 1988இல் அறிவுறுத்தியது. 1999இல் அம்மாபெருங் கோபுரம் 2,900 அடி நகர்த்தப்பெற்றது. கடலுக்கும் அதற்கும் இடையே பழைய தொலைவு மீண்டது.

தீவு நிலையானது எனக் கருதியோர் கட்டியதை, தீவு நகரும் என அறிந்தோர் காத்தனர். நிலப்படத்தைக் கையில் எடுக்கும் மாணவர், ஊர்ப்பெயர்களைத் தேடுமுன் அதன் ஓரத்தில் பொறித்த ஆண்டைக் காண்பது நன்று.