நூற்றுக்கு 40: சென்னைக் கல்லூரிகளில் மாற்றுத்திறன் சான்றாவணத்தின் வரலாறு

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளிகள், மருத்துவச் சான்றிதழ், மதிப்பீட்டறிக்கை, தேர்வுச் சலுகை, கல்லூரி விடுதி

கல்லூரியில் சேரும் மாற்றுத்திறனாளி மாணவரிடம் இருவகை ஆவணங்கள் இருக்கக்கூடும். ஒன்று மருத்துவக் குழு வழங்கும் சான்றிதழ். அது இயலாமையை விழுக்காட்டில் குறிக்கிறது. மற்றொன்று உளவியலாளரோ சிறப்புக் கல்வியாளரோ எழுதும் மதிப்பீட்டறிக்கை. அம்மாணவர் எதனை, எவ்வளவு நேரத்தில், எத்தகைய துணையோடு செய்ய இயலும் என்பதை அது விரித்துரைக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமோ விடுதியில் தரைத்தள அறையோ கேட்பவருக்கு இரண்டாவதே உண்மையில் பயன்படும். ஆயினும் அலுவலகங்களில் எளிதில் செல்லுபடியாவது முதலாவதே. இந்நிலை உருவான வரலாற்றைச் சென்னையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எண்ணிக்கையும் விழுக்காடும்

ஆங்கிலேய அரசின் 1881 குடிமதிப்பு, மனநோயாளர், செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்றோர், பார்வையற்றோர், தொழுநோயாளர் ஆகியோரைத் தனியே கணக்கிட்டது. 1931 வரை தொடர்ந்த இவ்வழக்கத்தில் அளவு என்பதற்கு இடமில்லை. ஒருவர் பார்வையற்றவர் அல்லது பார்வையுள்ளவர், அவ்வளவே. விழுக்காட்டு முறை வேறொரு வழியில் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், உறுப்பிழப்பால் வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை விழுக்காடு குறைந்தது எனக் கணிக்கும் அட்டவணையைக் கொண்டிருந்தது. ஆலையில் கட்டைவிரல் இழந்தவருக்கு எவ்வளவு பணம் தருவது என்னும் கேள்விக்கு அது ஒரு விடை. நூலகத்தின் மாடிப்படியை மாணவர் ஒருவர் எவ்வாறு ஏறுவார் என்னும் கேள்வி அதன் நோக்கத்திலேயே இல்லை. பின்வந்த சான்றிதழ்களில் இவ்விழப்பீட்டுச் சிந்தனையின் சாயல் படிந்துள்ளது எனக் கருத இடமுண்டு.

1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை இயலாமைகளை ஏற்று, கல்வியில் 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டை வழங்கியது. ஆனால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை உடையவர் என்று மருத்துவ அதிகாரி சான்றளித்தவரையே அது மாற்றுத்திறனாளியாகக் கொண்டது. 39 விழுக்காடு உடையவர் அச்சட்டத்தின் வரையறைக்குள் வரவே இல்லை. சொல்வதை எழுதுபவரை அமர்த்தித்தரும் கடமையும் பார்வையற்றோர், குறைபார்வையுடையோர் ஆகிய மாணவர்களைப் பொறுத்தே விதிக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் அரசு வழக்கிலிருந்து நீங்கி ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. விண்ணப்பங்களின் தலைப்பு மாறியது; விழுக்காட்டுக்கான கட்டம் அப்படியே நின்றது.

தியாகராய நகரும் கோட்டூர்புரமும்

இதே காலத்தில் தென்சென்னையில் மற்றோர் ஆவண மரபு வளர்ந்தது. 1985இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியாகத் தொடங்கிய இன்றைய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. 1991இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தியாகராய நகரில் உள்ளது. இத்தகைய அமைப்புகளின் வழியே சென்னைப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அறிமுகமான மதிப்பீட்டறிக்கை, வாசிப்பு வேகம், எழுத்துக்கூட்டல், நினைவாற்றல், கை அசைவு, அமரும் முறை என ஒவ்வொன்றையும் விவரித்து, பரிந்துரைகளோடு முடியும். முத்திரையிடும் இடங்களோ வேறு: எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவமனை முதலியன. நகருக்குள் இது பெருந்தொலைவன்று. ஆனால் ஓரிடத்து அறிக்கை மற்றோரிடத்தில் எண்ணாகச் சுருங்கிவிடும்.

டிஸ்லெக்சியா 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் இல்லை. பள்ளிப் பொதுத்தேர்வில் தேர்வு வாரியங்களின் தனி ஆணைகளால் சலுகை கிட்டியது. கல்லூரியில், அதிலும் தனித்தனித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரைக் கொண்ட தன்னாட்சிக் கல்லூரிகளில், அச்சலுகை தானாகத் தொடர வழியில்லை. மாணவர் மீண்டும் முதலிலிருந்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக விரித்தது. கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, பன்முகத் தண்டுவட மரப்பு நோய் முதலியன இடம்பெற்றன. ஆயினும் 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்களில் புதிய சிக்கல் ஒன்று இருந்தது. கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதில் முதற்சான்றும் 14, 18 வயதுகளில் மறுசான்றும் பெறவேண்டும் என அவை கூறின. 18இல் பெறுவதே வாழ்நாள் முழுதும் செல்லும் என்றும் அவை குறித்தன. தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலும் 17 வயதிலேயே கல்லூரிக்கு வந்துவிடுகிறார். எனவே மறுசான்றுக்கான அலைச்சல் சரியாக முதலாண்டுப் பருவத்தேர்வுகளின் நடுவே வந்து விழுந்தது. சோதனைக்கெனக் குறிக்கப்பட்ட நிம்ஹான்ஸ் தொகுதியோ தொடக்க, நடுநிலை வகுப்புக் குழந்தைகளை மனத்திற்கொண்டு உருவானது.

இரு தீர்ப்புகள்

விழுக்காட்டைத் திறனின் அளவுகோலாகவே கொண்டதற்குச் சான்று, சுரேந்திர மோகன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. உரிமையியல் நீதிபதிப் பணிக்கு 40 முதல் 50 விழுக்காடு வரையிலான பார்வைக் குறைபாடு உடையோரே தகுதியுடையோர் என்ற வரம்பை, 70 விழுக்காடு குறைபாடு கொண்ட ஒருவர் எதிர்த்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில், 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இறுகும் குறைபாடுடைய தேர்வர்க்குச் சொல்வதை எழுதுபவரை அனுமதித்த அந்நீதிமன்றம், 40 விழுக்காடு என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான வரையறையே என்றது. நியாயமான ஏற்பாடு கேட்க அவ்வரையறை தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் 2019 தீர்ப்பு முன்தீர்ப்பாகாது என்றும் தெளிவுபடுத்தியது. இதன் பயனாக, 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோர்க்கும் எழுதுவதில் இடர்ப்பாடு இருப்பின் தேர்வு வசதி அளிக்கும் வழிகாட்டுதல்கள் 2022 ஆகஸ்டில் வந்தன.

தேர்வறைக்கு வந்த இத்தெளிவு விடுதிக்கு வரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. தேர்வுக்கு நீதிமன்ற வழக்குகள் உண்டு, படிவங்கள் உண்டு. விடுதிக்கு உள்ளது, தனிமாணவரின் தேவைக்கேற்ப ஏற்பாடு செய்க என்னும் 16ஆம் பிரிவின் பொதுவாசகமே. ஹீமோபிலியா உடைய மாணவர்க்கு உறைபொருள் மருந்தை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்கும் பெட்டி வேண்டும். தண்டுவட மரப்பு நோயுடையவர்க்கு வெப்பம் மிகும்போது சோர்வும் தள்ளாட்டமும் கூடும். சென்னையின் மே மாதத்தில் மொட்டைமாடியை ஒட்டிய அறை அவர்க்கு ஆகாது. தனித்துவ அடையாள அட்டையில் 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம் என நிறங்கள் உள்ளன. அந்நிறத்தை நோக்கி விடுதிக் காப்பாளர் குளிர்பதனப் பெட்டியையோ கீழ்த்தள அறையையோ ஒதுக்க இயலாது. அதற்கு அவர் மதிப்பீட்டறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தாக வேண்டும்.