கம்பிவழி வந்த முறைநீர்

ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுவது நம் ஊர்களுக்குப் பழகிய வழக்கம். இருக்கும் நீர் எல்லா வயல்களுக்கும் ஒரே வேளையில் போதாது என்பதால் பிறந்த ஏற்பாடு அது. இதே முறையை மின்சாரத்துக்கும் வைத்துப் பார்த்த மாநிலம் குஜராத். அந்த வரலாறு நாம் அறியத்தக்கது.

1987 வரை அங்கே பாசன மோட்டார்களுக்கு யூனிட் கணக்கில் கட்டணம் இருந்தது. பின்னர் மீட்டர் போய், குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம் வந்தது. கூடுதலாக இறைக்கும் நீருக்குக் கூடுதல் செலவில்லை என்றான பிறகு மோட்டாரை நிறுத்துவானேன்? ஆழ்துளைக் கிணறு உடையவர்கள் தம் வயலுக்குப் போக எஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு மலிவாக விற்றனர். கிணறில்லாத சிறு உழவரும் குத்தகைதாரரும் அந்த நீரை நம்பியே பயிரிட்டனர். ஆனால் மேசாணா போன்ற வட மாவட்டங்களில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போயிற்று. மோட்டார்களின் திறனும் கூடிக்கொண்டே போயிற்று.

இத்தனை மோட்டார்களின் சுமையையும் தாங்க மாட்டாத மின்வாரியம், மும்முனை மின்சாரத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே மின்தடம் என்பதால் ஊர் முழுவதும் அந்த வெட்டில் சிக்கியது. மும்முனை இல்லாத வேளையிலும் ‘தோட்டா’ என்று அவ்வூரார் அழைத்த கண்டென்சரைப் பொருத்தி மோட்டாரை ஓட்டினர் உழவர். மின்னழுத்தம் சரிந்தது, மோட்டார்களும் மின்மாற்றிகளும் எரிந்தன.

2003-இல் ஜோதிகிராம் திட்டம் தொடங்கிற்று. ஊருக்கு ஒரு தடம், வயலுக்குத் தனித்தடம் எனக் கம்பிகள் பிரிக்கப்பட்டன. 2006-க்குள் மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களில் பணி முடிந்தது. வீடுகளுக்கு நாள் முழுதும் மின்சாரம் கிடைத்தது. வயல்களுக்கோ முன்னறிவித்த எட்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓடும் நிலை மாறி, பகுதிகள் முறைவைத்து இறைத்தன. உச்சநேரச் சுமை கலைந்தது. முழு அழுத்தத்தில் வந்ததால் மோட்டார்கள் கருகுவதும் குறைந்தது.

ஆயினும், எட்டு மணி நேர நீர் கிணற்றுக்காரரின் சொந்த வயலுக்கே முதலில் போயிற்று. விற்பதற்கு எஞ்சியது குறைவு, விலை ஏறிற்று. துஷார் ஷா முதலிய ஆய்வாளர்கள், நீரை விலைக்கு வாங்கிய ஏழை உழவரே இத்திட்டத்தால் நொந்தனர் என்று எழுதினர். இரவு முறையோ உழவரின் உறக்கத்தைப் பறித்தது. பாம்புக்கு அஞ்சியபடி வரப்பில் நிற்க வைத்தது.

இரவு முறையின் துன்பம் ஆட்சியாளர் காதை எட்டியது. விடியற்காலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள் பாசன மின்சாரம் தரும் ‘கிசான் சூர்யோதய’ திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. சூரிய மின்சாரம் பெருகிய காலத்தில், பகலில் இறைப்பது கட்டமைப்புக்கும் இசைவானதே. கிணறில்லாதவர் நிலை வேறு. மின்வாரியப் பதிவேட்டில் மோட்டாருக்குத்தான் எண் உண்டு. பக்கத்து மோட்டாரின் நீரை வாங்குபவருக்கு இல்லை. வாய்க்கால் பாசனத்தில் கடைமடைக்காரர் எங்கே இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். கம்பிவழி வந்த இந்த முறைநீரில் கடைமடைக்காரர் கணக்கிலேயே வரவில்லை.