புரதம் போகும் பாதை

கணையத்தின் செல்கள் செரிமான நொதிகளை ஓயாமல் செய்து வெளியே அனுப்புகின்றன. 1960களில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் ஊட்டினார்கள். பிறகு சாதாரண அமினோ அமிலம். குறித்த நேரங்களில் எடுத்த மின்நுண்ணோக்கிப் படங்களில், கதிரியக்கப் புள்ளிகள் முதலில் எண்டோபிளாச வலையிலும், அடுத்து கோல்கை உறுப்பிலும், கடைசியில் சுரப்புத் துகள்களிலும் தெரிந்தன. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான சோதனை! பலாடேக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எந்தப் புரதம் எண்டோபிளாச வலையின் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

விலாசம் புரதத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்று 1971இல் குந்தர் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் ஊகித்தார்கள். நம்பியவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீனின் குழு, எதிர்ப்புரதம் ஒன்றின் முன்வடிவில் கூடுதலான ஒரு முனைத்துண்டு இருப்பதைக் கண்டது. 1975இல் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் புரதம் உருவாகிக்கொண்டிருந்த சோதனைக்குழாயில் நாயின் கணையச் சவ்வுகளைச் சேர்த்தார்கள். புரதம் உருவாகும்போதே சவ்வுக்கு உள்ளே நுழைந்தது, விலாசமாக இருந்த முனைத்துண்டு வெட்டப்பட்டது.

1999இல் நோபல் பெற்ற புளோபெல், பரிசுத் தொகையைப் போரில் அழிந்த டிரெஸ்டன் நகரின் மறுகட்டுமானத்துக்குக் கொடுத்தார்.