காற்றை அளக்க வந்த இளவரசி

தேஜா தோரிஸ் என்ற செவ்வாய்க் கிரகத்து இளவரசியைப் படக்கதைகளில் பார்த்தவர்களுக்கு அவளுடைய மேனிதான் முதலில் நினைவுக்கு வரும். நகைகள் மட்டுமே அணிந்த செந்நிற உடல், பக்கத்தில் வாளை உருவி நிற்கும், பூமியிலிருந்து வந்த கதாநாயகன் ஜான் கார்ட்டர். தலைமுறை தலைமுறையாக அட்டைப்படங்கள் இதையே வரைந்து வந்திருக்கின்றன. ஆனால் அவள் கதைக்குள் வந்த காரணம் வேறு. எட்கர் ரைஸ் பர்ரோஸ் எழுதிய இந்தக் கதை 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை ‘ஆல் ஸ்டோரி’ என்ற அமெரிக்க இதழில் தொடராக வந்தது. அதில் பச்சை மனிதர்களிடம் சிறைப்பட்ட அவள், அவர்கள் சபையின் நடுவே நின்று தான் ஏன் வந்தோம் என்பதைத் தானே சொல்கிறாள். அவளுடன் வந்தது, ஹீலியம் நாட்டு மன்னரான அவளுடைய பாட்டனார் அனுப்பிய ஆய்வுக் குழு. காற்றோட்டங்களை மறுபடி வரைபடமாக்கவும் வளிமண்டலத்தின் அடர்த்தியைச் சோதிக்கவும் அந்தக் குழு வந்தது. தன் மக்களின் இந்த உழைப்பு நின்றுபோனால் கிரகத்தில் ஓர் உயிர்கூடப் பிழைக்கக் காற்றும் நீரும் இராது என்று, தன் கப்பலைச் சுட்டு வீழ்த்தியவர்களிடமே அவள் வாதாடுகிறாள். சாகும் கிரகத்தின் மூச்சைக் காக்கும் பொறுப்பில் வந்தவள் அவள். படக்கதை மரபு அந்தப் பொறுப்பைக் கைவிட்டபோது, கதையின் ஆணிவேரையே கைவிட்டது என்பது என் வாதம்.

சாகும் கிரகம் என்ற எண்ணம் பர்ரோஸின் கற்பனையில் பிறந்ததல்ல, தொலைநோக்கியில் பிறந்தது. 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்றார். அவர் மொழியில் அது இயற்கையான நீர்வழிகளையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. சூயஸ் கால்வாய் திறந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். வெட்டியவர்கள் யார் என்ற கேள்வி தானாக எழுந்தது. பாஸ்டன் செல்வந்தர் பெர்சிவல் லோவல் 1894-இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஆய்வுக்கூடம் கட்டி, அதற்கு விடையும் சொன்னார். செவ்வாய் வறண்டுகொண்டிருக்கிறது, அங்குள்ள அறிவுள்ள உயிர்கள் துருவப் பனியின் நீரைக் கால்வாய் வழியே இழுத்துப் பயிர் செய்து பிழைக்கின்றன என்றார் அவர். 1907-இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இதை மறுத்து ஒரு நூலே எழுதினார். 1909-இல் பிரான்சின் மூடோன் ஆய்வகத்துப் பெரிய தொலைநோக்கியில் பார்த்த வானியலாளர் அந்தோனியாடிக்கு நேர்கோட்டுக் கால்வாய்கள் தென்படவே இல்லை. வானியலாளர்கள் கைவிடத் தொடங்கியதைக் கதைக்காரர் கையில் எடுத்துக்கொண்டார். குதிரைப்படை வீரராக 1896-இல் அதே அரிசோனாவில் பணியாற்றிய பர்ரோஸுக்கு, நீரற்ற நிலம் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வறட்சியை நீரிலிருந்து காற்றுக்குக் கொண்டுபோனதில்தான் அவருடைய திறமை தெரிகிறது. பார்சூம் என்று அவர் பெயரிட்ட செவ்வாயில் காற்றைத் தொழிற்சாலை செய்கிறது. முதல் நாவலின் முடிவில் அந்த ஆலை நின்றுவிடுகிறது. காற்று நாளுக்கு நாள் மெலிய, நகரமே மரணத்துக்குக் காத்திருக்கிறது. இளவரசியின் குழந்தையோ இன்னும் முட்டைக்குள் இருக்கிறது. கார்ட்டருக்கு ஆலைக் கதவுகளைத் திறக்கும் ஒன்பது எண்ண அலைகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றால் கதவுகளைத் திறந்துவிட்டு, மூச்சு முட்டிக் கீழே விழுகிறான். மன்னரும் குடிமகனும் ஒரே காற்றுக்குத் தவிக்கும் இந்த இடத்துக்கு முன்னால் புத்தகத்தின் வாட்போர்கள் எல்லாம் சிறுத்துப்போகின்றன. சபையில் அவள் பேசியது வெறும் பேச்சல்ல என்று வாசகருக்கு விளங்குவதும் இங்கேதான்.

பர்ரோஸே அவளை ஆடையின்றித்தானே வருணித்தார், அவள் கையில் ஓர் அளவைக் கருவியைக்கூடக் காட்டவில்லையே, பக்கத்துக்குப் பக்கம் அவளைக் கடத்தவும் மீட்கவும் செய்தாரே என்று கேட்கலாம். மூன்றும் உண்மை. படக்கதைக்காரர்கள் இல்லாததைச் சேர்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்கிறேன். 1977 முதல் 1979 வரை மார்வெல் 28 இதழ்கள் வெளியிட்டது. தலைப்பில் இருந்தது கார்ட்டரின் பெயர். 2011-இல் டைனமைட் நிறுவனம் தேஜா தோரிஸ் பெயரைத் தாங்கிய தொடரைத் தொடங்கி, கார்ட்டர் வருவதற்கு 400 ஆண்டுகள் முன்னதாகக் கதையை வைத்தது. செவ்வாயினர் ஆயிரம் ஆண்டு வாழ்பவர்கள் என்பதால் இது சாத்தியமாயிற்று. காப்பாற்ற ஆள் வராத காலத்தில் அவளே வாளெடுத்து, அவளே முடிவெடுத்தாள். அது நல்ல மாற்றம்தான், அட்டைகள் மாறாவிட்டாலும். 2012-இல் டிஸ்னி படம் அவளை அறிவியல் கழகத்தின் தலைவியாக்கியபோது, இந்தக் காலத்துக்காக ஒட்டவைத்த வேடம் என்று அதைச் சொல்வது எளிது. சரியாக நூறு ஆண்டு முந்தைய தொடரைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அறிவியலே பொய்த்துப்போன பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது இன்னும் கனமான மறுப்பு. 1965 ஜூலையில் மரைனர்-4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய் இல்லை, நகரம் இல்லை. அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்களே இருந்தன. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கும் தேறவில்லை. லோவல் தோற்றார். ஆனால் கால்வாய்தான் பொய். காற்றை இழந்த கிரகம் என்பது பொய்யல்ல. சூரியக் காற்று செவ்வாயிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 100 கிராம் வாயுவை உரித்துச் செல்வதாக மேவன் விண்கலம் அளந்து, 2015-இல் நாசா அறிவித்தது. மேவன் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த இரண்டே நாளில், 2014 செப்டம்பர் 24 அன்று, திருநெல்வேலிச் சீமைக்காரர் சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த மங்கள்யானும் அங்கே போய்ச் சேர்ந்தது. அது சுமந்து சென்ற ஐந்து கருவிகளில் திருவனந்தபுரத்தில் உருவான ‘மென்கா’வும் ஒன்று. செவ்வாயின் மேல் காற்றில் எந்த வாயு எவ்வளவு என்று அளப்பதே அதற்கு இடப்பட்ட பணி.