கூரையும் காற்றும்: பெருந்தோட்டக் கட்டடங்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெருந்தோட்டப் பொருளாதாரம் பற்றிய ஆய்வுகள் கூலி, கடன், குடியுரிமை ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளன. தொழிலாளியின் தலைக்கு மேலிருந்த கூரை அத்துணை கவனம் பெற்றதில்லை. மலையக இலக்கியத்தை விமரிசிக்கும் நாமும் கொழுந்துக் கூடையைக் கண்ட அளவுக்குத் தகரத்தைக் கண்டோமெனக் கூறுவதற்கில்லை. ஒரே நிர்வாகம் ஒரே மலையில் எழுப்பிய இரு கட்டடங்களை ஒப்பிட்டு நோக்குமிடத்து மூலதனத்தின் முன்னுரிமை யாதென்பது தெளிவாகும்.

முதலாவது, தொழிலாளர் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை. பறித்த கொழுந்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீராகும். அரைக்குமுன் அதில் ஒரு பகுதி சீராக நீங்குதல் வேண்டும். இதன் பொருட்டே மேல்மாடிகள் அமைந்தன. சுவர் நெடுகிலும் யன்னல் வரிசை. உள்ளே அடுக்கடுக்காக இழுத்துக் கட்டிய சாக்குத் துணி. அதன்மீது மெல்லியதாகப் பரப்பிய கொழுந்து. மழைநாளில் யன்னல்களை அடைத்து, கீழ்த்தளத்து உலர்த்தியின் வெப்பக் காற்றைப் பெருவிசிறிகளால் மேலே இழுத்தனர். காற்றின் ஈரப்பதன் கருவிகொண்டு அளக்கப்பட்டது. பிற்காலத்தில் தொட்டி முறை வந்து இம்மாடிகளின் தேவையைக் குறைத்தது.

இரண்டாவது, லயம். ஏறத்தாழ 12 அடி நீளமும் 10 அடி அகலமுமான காம்பரா ஒரு குடும்பத்தின் இருப்பிடமாயிற்று. செலவைக் குறைக்க இரு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்டி ஒரே கூரையின் கீழ் அமைத்த லயங்களில் பின்சுவரில் யன்னலுக்கு இடமேயில்லை. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும் வழி வரைபடத்திலேயே அடைபட்டது. விறகடுப்பின் புகை உள்ளேயே தங்கியது.

கோப்பிக் காலத்து லயங்கள் பல புல் வேய்ந்தவை. புற்கற்றைகளிடையே சிறைப்பட்ட காற்று வெயிலையும் குளிரையும் ஓரளவு தடுத்தது. 1829இல் இங்கிலாந்தில் ஹென்றி றொபின்சன் பாமர் காப்புரிமை பெற்ற நெளிதகடு பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. தீப்பற்றாமை, கப்பலில் அடுக்கி ஏற்றும் வசதி, நீடித்த உழைப்பு ஆகியன அதன் தகுதிகள். ஆயின் மெல்லிய உலோகம் பகலில் விரைவாகக் கொதிக்கும். தெளிந்த இரவு வானுக்குத் தன் வெப்பத்தை விரைவாக இழக்கும். மூச்சிலும் உலையிலும் எழும் நீராவி அதன் அடிப்புறத்தில் குளிர்ந்து துளியாகச் சொட்டும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழும் நுவரெலியாப் பகுதியில், இத்தகைய கூரையின்கீழ் யன்னல் இருந்தும் பயனில்லை. திறந்தால் குளிர், அடைத்தால் புகை.

இது தொழில்நுட்ப அறியாமையின் விளைவெனக் கொள்ள முடியாது. ஸ்டோரின் கூரையும் தகரமே. அங்கு அதன் வெப்பம் கணக்கிற் கொள்ளப்பட்டது. துரையின் பங்களாவிலோ கூரைக்குக் கீழே பலகைத் தட்டும், அறையிலே கணப்படுப்பும் இருந்தன. கொழுந்து பழுதுற்றால் ஏலத்தில் விலை வீழும். தொழிலாளியின் நெஞ்சுச்சளிக்கு ஏலமில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயங்கள் பல இன்றும் நிற்கின்றன. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகளே அங்கு விருந்தினரின் படுக்கையறைகள்.